பவளத் தொட்டியும் அழையா விருந்தாளிகளும்

(பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன்)

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பழமொழி. தேய்ந்துபோன காரணத்தாலேயே நாம் அதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை. வழக்கு மன்றத்துக்கும் குடும்பச் சண்டைக்கும் சொல்லப்பட்ட அந்த மொழி, ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் வாழும் கடல் உயிர்களுக்கும் பொருந்தும் என்று யாரேனும் சொன்னால் நண்பர்கள் சிரிக்கக் கூடும். அது சிரிப்புக்குரிய செய்தி அன்று என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டில் பொன்மீன் வளர்ப்பவர்களை நாம் அனைவரும் அறிவோம். பவளத் தொட்டி என்பது அதனினும் வேறானது. அதில் இருப்பது உப்பு நீர். அதில் மீன்களோடு பவள உயிரிகளும் கடல் சாமந்திகளும் வளர்க்கப்படுகின்றன. கடலடியின் ஒரு துண்டை வெட்டி எடுத்து வீட்டுக் கூடத்தில் வைத்தது போன்ற காட்சி அது. அந்தக் காட்சியைத் தாங்கி நிற்பது 'உயிர்ப்பாறை' என்னும் ஒரு பொருள்.

உயிர்ப்பாறை என்றால் பாறைக்கு உயிர் இருப்பதாகப் பொருள் அன்று. இறந்துபோன பவளங்களின் சுண்ணாம்புக் கூடுதான் அது. கடலடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தமையால் அதன் நுண்துளைகளில் எல்லாம் உயிர்கள் குடியேறியிருக்கும். அவற்றுள் முதன்மையானவை பாக்டீரியாக்கள். மீனின் கழிவில் உள்ள அம்மோனியா நஞ்சை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. பாறையின் உட்புறத்தில் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வாழும் மற்றொரு வகை அந்த நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிறது. தொட்டிக்கு ஈரலும் சிறுநீரகமும் அந்தப் பாறையே எனலாம். ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், இத்தகைய பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் நம்பியே கடல் உயிர்களை வளர்க்கும் முறையை 1961ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் விளக்கி எழுதினார். இன்றைய பவளத் தொட்டிகள் பலவும் அவ்வழி வந்தவையே.

பாக்டீரியாக்களுக்காகப் பாறையை வாங்குகிறோம். ஆனால், அந்தத் துளைகளில் பாக்டீரியாக்கள் மட்டுமா இருக்கும்? புழு, நண்டு, நத்தை, நட்சத்திர மீன், இறால், பாசி, கடல் சாமந்தி என்று ஒரு சிற்றூரே அதற்குள் ஒளிந்திருக்கும். ரயிலில் பயணச்சீட்டு இல்லாமல் ஏறி வருபவரை 'வித்தவுட்' என்கிறோம் அல்லவா? இவை எல்லாம் வித்தவுட்டில் வந்த பயணிகள். பாறையைத் தொட்டியில் வைத்த சில நாட்களில், விளக்கணைந்த நேரம் பார்த்து இவை ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். இவற்றை என்ன செய்வது?

"கண்டவுடன் கொல்" என்பது ஒரு சாராரின் விடை. "பாவம், உயிராயிற்றே! கடலில் விட்டுவிடு" என்பது இன்னொரு சாராரின் விடை. முதலாவது கோபத்தில் பிறந்தது. இரண்டாவது இரக்கத்தில் பிறந்தது. இரண்டுமே அறியாமையில் வளர்ந்தவை என்பது என் கருத்து. வந்தது யார் என்று அறிந்த பின்னரே தீர்ப்பு வழங்க வேண்டும்.

கண்ணால் காண்பதும் பொய்

என் சித்தப்பா சிங்கப்பூரில் பணிபுரிகிறார். அவர் வீட்டில் நான்கு அடி நீளமுள்ள பவளத் தொட்டி ஒன்று உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அங்கே தங்கியிருந்தபோது, நாள்தோறும் அதற்கு உணவிடும் பணி எனக்குக் கிடைத்தது. ஒரு நாள் காலையில் கோமாளி மீன்கள் இரண்டில் ஒன்று பாறையடியில் இறந்து கிடந்தது. விரல் நீளமுள்ள இளஞ்சிவப்புப் புழு ஒன்று, உடலின் இருபுறமும் வெண்ணிறச் சுணைகள் சிலிர்த்து நிற்க, அந்த மீனின் வயிற்றில் தலையைப் புதைத்திருந்தது.

"கொலைகாரன் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான்" என்று சித்தப்பா இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் எஞ்சியிருந்த மீன்களைப் பார்த்தேன். எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. "சித்தப்பா, வெப்பமானியைப் பாருங்கள்" என்றேன். அது 33 டிகிரி செல்சியஸ் காட்டியது. வழக்கமாக 26 டிகிரியில் நிற்க வேண்டிய நீர்! குளிர்விக்கும் கருவி இரவில் நின்றுபோயிருந்தது. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும் என்பது நாம் முதலாண்டிலேயே படித்த பாடம். மீன் மூச்சுத் திணறி மாண்டது. புழு பிறகு வந்தது.

பிணத்தருகே நிற்பவன் எல்லாம் கொலைகாரன் ஆகிவிடுவானா? நாம் பாலிகீட்டா என்று பெயர் சொல்லி மனப்பாடம் செய்யும் வகுப்பைச் சேர்ந்தவை இச்சுணைப்புழுக்கள். தொட்டிக்கு வரும் இவற்றுள் பெரும்பாலானவை இறந்த உடலையும் மீந்த உணவையும் தின்று வாழ்பவை. பாறையிடுக்கில் நம் கை நுழையாத இடத்தில் அழுகிக் கிடப்பதை அவை அகற்றாவிட்டால், அதிலிருந்து வெளிப்படும் அம்மோனியா உயிரோடு இருக்கும் மீன்களையும் கொன்றுவிடும். அதாவது, அன்று சித்தப்பாவின் இடுக்கியில் சிக்கவிருந்தது தொட்டியின் துப்புரவுப் பணியாளர். சம்பளமும் கேட்காதவர்! வெறுங்கையால் தொட்டால் சுணை தோலில் தைத்து எரியும் என்பது உண்மையே. ஒட்டும் டேப்பை அழுத்தி இழுத்தால் சுணை அதனோடு வந்துவிடும். கம்பளிப் பூச்சிக்கும் முருங்கை மரத்துக்கும் பழகிய நமக்கு இது ஒரு பெரிய சங்கடமா?

எல்லாப் புழுவும் நல்லதே என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். அட்லாண்டிக் பெருங்கடலிலும் மத்தியதரைக் கடலிலும் வாழும் நெருப்புப் புழு பவளத்தையே மேயும். அதன் தலைமேல் சதைப்பற்றான கொண்டை ஒன்று உண்டு. அந்த அடையாளத்தை அறிந்தவன் துப்புரவாளரை விட்டுவிட்டு மேய்பவனை மட்டும் பிடிப்பான். 'பாபிட்' புழு எனப்படும் யூனிஸ் அஃப்ரோடிடாய்ஸ் இன்னும் கொடியது. இங்கிலாந்தின் நியூகீ நகரில் உள்ள மீன் காட்சியகம் ஒன்றில், இரவோடு இரவாகப் பவளங்கள் கடிபட்டன, மீன்கள் காயமுற்றன. பொறி வைத்தும் பயன் இல்லை. இறுதியில் 2009ஆம் ஆண்டு, பணியாளர்கள் தொட்டியின் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது நான்கடி நீளமுள்ள பாபிட் புழு அகப்பட்டது. உயிர்ப்பாறையோடு சிறிதாக வந்து அங்கேயே வளர்ந்து பெருத்திருக்க வேண்டும். அதற்கு 'பாரி' என்று பெயரும் இட்டனர். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி அல்லர். பவளத்துக்குப் பல் கொடுத்த பாரி! ஆயினும் அந்தப் பாரியையும் அவர்கள் கொல்லவில்லை. தனித் தொட்டி ஒன்றில் குடியேற்றினர். யார் என்று தெரிந்த பின் வழங்கப்பட்ட தீர்ப்பு அது.

காதால் கேட்பதும் பொய்

இரவில் தொட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்று கண்ணாடியைச் சுண்டுவது போன்ற ஓசை கேட்கும். பவளத் தொட்டி வைத்திருப்பவர்களின் நெஞ்சைத் துணுக்குறச் செய்யும் ஓசை அது. காரணம், மாண்டிஸ் இறால் என்னும் உயிரி. பெயரில் இறால் இருந்தாலும் அது இறால் இனத்தைச் சேர்ந்தது அன்று. ஸ்டொமட்டோபோடா என்னும் தனி வரிசை. அதில் ஒரு பிரிவு சம்மட்டி போன்ற முன்காலால் நண்டு, நத்தைகளின் ஓட்டை உடைத்துத் தின்னும். மயில் மாண்டிஸ் இறாலின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை செல்கிறது என்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு அளந்து கூறினர். மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல்! இத்தகைய ஒருவர் தொட்டிக்குள் இருந்தால் நண்டும் நத்தையும் நாளுக்கு ஒன்றாக மறையும்.

ஆனால், அதே 'டக்' ஓசையை எழுப்பும் இன்னொரு பயணியும் உண்டு. அது துப்பாக்கி இறால். ஒரு கையில் மட்டும் பெரிய கொடுக்கு உடையது. அந்தக் கொடுக்கை அது மூடும் வேகத்தில் நீர் பீறிட்டுப் பாய்ந்து ஒரு குமிழி உண்டாகிறது; அக்குமிழி நசுங்கி உடையும் ஓசையே நாம் கேட்பது. கொடுக்கு ஒன்றோடொன்று மோதும் ஓசை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். நெதர்லாந்து, ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் அது குமிழியின் ஓசை என நிறுவினர்.

துப்பாக்கி இறால்களில் பல, கோபி என்னும் சிறு மீனோடு கூட்டுக் குடித்தனம் நடத்துபவை. இறாலுக்குப் பார்வை மங்கல்; ஆனால் வளை தோண்டுவதில் வல்லது. மீனுக்கு வளை தோண்டத் தெரியாது. ஆனால் கண் கூர்மை. இறால் தன் உணர்கொம்பை மீனின்மேல் வைத்தபடியே வெளியே வரும். ஆபத்து என்றால் மீன் வாலை அசைக்கும். இரண்டும் வளைக்குள் பாயும். கண் தெரியாதவனும் கால் இல்லாதவனும் சேர்ந்து ஊர் போய்ச் சேர்ந்த கதையைச் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையைக் கடலடியில் நாள்தோறும் நடித்துக் காட்டும் இந்த உயிரியை, ஓசை ஒன்றையே சான்றாகக் கொண்டு கொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டது ஓர் ஓசை, உரியவர்கள் இருவர். காதை மட்டும் நம்பலாமா?

தீர விசாரிப்பதே மெய்

விசாரித்தால் இரக்கம் மட்டுமே வரும் என்பதில்லை. சில வேளைகளில், சிரித்த முகத்தோடு வந்தவனே தீயவன் என்பதும் விசாரித்தால்தான் தெரியும். ஐப்டேசியா என்னும் கண்ணாடிச் சாமந்தி அத்தகையது. பாறையிடுக்கில் முதலில் ஒன்று தோன்றும்போது சிறு பூவைப் போல் அழகாக இருக்கும். "இலவசமாக ஒரு பூ வந்தது" என்று மகிழ்ந்து விட்டுவைப்பார்கள். சில மாதங்களில் அது நூறாகும். தன் கொட்டும் உணர்நீட்சிகளால் அருகில் உள்ள பவளங்களைச் சுட்டு, இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, சுரண்டி எடுத்துவிடலாமே என்றால், அங்கேதான் விலங்கியல் பாடம் குறுக்கே வந்து நிற்கிறது. இந்தச் சாமந்தியின் அடித்தட்டில் ஒரு துணுக்கு பாறையில் ஒட்டியிருந்தாலும் அது முழு உயிரியாக வளர்ந்துவிடும். பாலிலா இனப்பெருக்கம் என்று தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோமே, அதுதான் இது. கத்தியை எடுத்தவன் ஒன்றைப் பத்தாக்குகிறான். இதன் குணம் அறிந்தவர்களோ சுண்ணாம்பைக் குழைத்து ஊசிக்குழாயால் அதன் வாய்க்குள் செலுத்துகிறார்கள். அல்லது, பெர்கியா என்னும் சிறு கடல் நத்தையை விடுகிறார்கள். ஓடில்லாத நத்தை இனமான அது ஐப்டேசியாவை மட்டுமே தின்று வாழும், பவளத்தைத் தீண்டாது.

ஆகவே விசாரணை என்பது தாமதம் அன்று. சரியான ஆயுதத்தைத் தேடும் வழி. அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. புதிதாக வந்த பாறையை நேரே தொட்டியில் வைக்காமல், தனிப் பாத்திரத்தில் உப்பு நீரும் நீரோட்டமும் தந்து சில வாரங்கள் வைத்திருக்க வேண்டும். இரவில் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் விளக்கால் பார்க்க வேண்டும்; முதுகெலும்பற்றவற்றுள் பலவற்றின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி நன்கு புலப்படாது. உருப்பெருக்கி ஒன்று, குறிப்பேடு ஒன்று, புகைப்படம் எடுக்கக் கைப்பேசி ஒன்று. எந்த வகுப்பு, எந்த வரிசை, என்ன தின்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டால் தீர்ப்பு தானே எழுதப்படும். நல்லவரை அங்கேயே விடலாம். குணம் கெட்டவரை வேறு சிறு தொட்டிக்கு மாற்றலாம். மாண்டிஸ் இறால் குடியிருக்கும் பாறையை வெளியே எடுத்து, அதன் வளைக்குள் சிறிது சோடாவைப் பீச்சினால் அது தானாகவே வெளியேறிவிடும் என்பது இத்துறையில் பழகியவர்கள் கைக்கொள்ளும் முறை. கடைச் சோடாவுக்கு இப்படியும் ஒரு பயன்!

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

"இவ்வளவு பாடு எதற்கு? பாறையைக் கொதிநீரில் போட்டுவிட்டால் எல்லாப் பூச்சியும் ஒழிந்துவிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு விடைகள் உள்ளன.

முதலாவது, பாறையைக் கொதிக்க வைத்தால் எந்தப் பாக்டீரியாக்களுக்காக அதை வாங்கினோமோ அவையும் மாண்டுபோகும். எஞ்சுவது வெறும் சுண்ணாம்புக் கல். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

இரண்டாவது விடை உயிரோடு தொடர்புடையது. பாறையோடு வரும் பயணிகளுள் பொத்தான் போன்ற சிறு பாலிப்புகளும் உண்டு. சோயாந்திட் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் சில பேலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சைத் தாங்கியிருக்கும். ஹவாய்த் தீவின் பாலிதோவா என்ற உயிரியிலிருந்து 1971ஆம் ஆண்டு பிரித்தறியப்பட்ட இந்நஞ்சு, இயற்கை நஞ்சுகளிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. அமெரிக்காவில், வேண்டாத இடத்தில் பரவிய இத்தகைய பாலிப்புகளை ஒழிக்க எண்ணிய ஒருவர் அவற்றின்மேல் கொதிநீரை ஊற்றினார். எழுந்த ஆவியை முகர்ந்தவருக்கு மூச்சுக்குழல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அச்செய்தியை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டு அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டுள்ளனர். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 2012 முதல் 2014 வரை, கடல் உயிர்க் கடையிலும் வீடுகளிலும் இந்த உயிரிகளைக் கையாண்டபோது பலர் நோயுற்றதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015இல் பதிவு செய்தது. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில், தொட்டியிலிருந்து பவளத்தை எடுத்துத் துப்புரவு செய்த குடும்பம் ஒன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது.

இதில் யாரைக் குறை கூறுவது? அந்தப் பாலிப் யாரையும் துரத்திக் கடிக்கவில்லை. நீரில் இருந்தவரை அது தன் பாட்டுக்கு இருந்தது. வந்தவர் யார் என்று அறியாமல் அடுப்பை மூட்டியதே ஆபத்தாக முடிந்தது.

கடலில் விடுவது கருணையா?

இனி இரக்கமுள்ளவர்களின் வாதத்துக்கு வருவோம். கொல்ல மனம் வரவில்லை. கடலில் வந்ததைக் கடலிலேயே விட்டால் என்ன? எந்தக் கடலில் என்பதே என் எதிர்க்கேள்வி. ஒரு கடலின் உயிர் மறுகடலுக்கு அந்நியன். தொட்டிக்குள் அடங்கியிருந்த ஒன்று, தன்னைத் தின்பவர் எவரும் இல்லாத கடலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு வரலாறே சான்று.

காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்னும் அழகிய பச்சைப் பாசியைத் தொட்டிகளில் அலங்காரமாக வளர்த்தார்கள். 1984ஆம் ஆண்டு, மொனாக்கோ நாட்டுக் கடலியல் அருங்காட்சியகத்தின் கீழே கடலில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் அது காணப்பட்டது. பிரான்சின் நீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் மெனேஸ் எச்சரித்தார். சிறு துண்டு ஒடிந்தாலும் புதுச் செடியாக வளரும் அந்தப் பாசி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், குரோஷியா நாட்டுக் கரைகள் வரை பரவிக் கடற்புல் வெளிகளை மூடியது. 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகர்க் காயலிலும் அதே பாசி தலைகாட்டியது. அங்கே உடனே தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். முற்றும் ஒழிந்தது என்று 2006இல்தான் அறிவிக்க முடிந்தது. செலவு ஏழு மில்லியன் டாலருக்குக் குறையவில்லை. யாரோ ஒருவர் ஒரு கைப்பிடிப் பாசியை நீரில் கொட்டியதற்கு ஊர் கட்டிய அபராதம் அது.

வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். கண்ணாடியை நக்கித் துப்புரவு செய்யும் என்று வாங்கிய தென் அமெரிக்கக் கெளுத்தி, 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் தொட்டிகளில் இருந்தது. இன்று சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் வலையில் சிக்குகிறது. எண்ணூர்ப் பக்கத்து மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று வெறுப்போடு சொல்லும் மட்டியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. தொட்டியில் வந்ததன்று, கப்பல்களோடு வந்திருக்கும் என்றே கருதுகின்றனர். அதுவும் வித்தவுட் பயணிதான். ஆற்றடியில் அது கம்பளம் விரித்தாற்போல் படர்ந்துவிட்டதால் இறால் புதைந்து வாழ இடமில்லை என்பது அம்மீனவர்களின் முறையீடு. ஒரு மட்டியின் வரவால் ஓர் ஊரின் அடுப்பு அணையக்கூடும்.

ஆகவே, வேண்டாத பயணியைக் கடலிலோ ஆற்றிலோ சாக்கடையிலோ விடலாகாது. வைத்துக்கொள்ள இயலாவிட்டால், துன்பமின்றி முடித்துவிடுவதே கடலுக்குச் செய்யும் கருணை. தொட்டி நீரைக்கூடக் குளோரின் கலந்த பின்னரே கொட்ட வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மன்னார் வளைகுடாவிலிருந்து பாறையோ பவளமோ எடுத்துவந்து தொட்டி அமைக்கலாம் என்று எவரும் கனவு காண வேண்டாம். பாறை வளர்க்கும் பவளங்கள் யாவும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள காப்பு பவளத்துக்கும் உண்டு.

நமக்கென்ன?

"பணம் படைத்தவர் பொழுதுபோக்கு இது, பேருந்துக் கட்டணத்துக்கே கணக்குப் பார்க்கும் அரசுக் கல்லூரி மாணவனுக்கு இதில் என்ன வேலை?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

நாம் வகைப்பாட்டியலை எப்படிப் படிக்கிறோம்? தொகுதி, வகுப்பு, வரிசை என்று பெயர்களை அடுக்கி, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகிறோம். ஆய்வுக்கூடத்தில் ஃபார்மலின் குப்பிக்குள் நிறமிழந்து கிடக்கும் நீரீஸ் புழுவுக்கு, பெயர் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அந்தப் பெயர் உயிர் காக்கும் என்றோ, பெயர் தெரியாமை உயிர் வாங்கும் என்றோ நமக்கு யாரும் காட்டவில்லை. பவளத் தொட்டி அதைக் காட்டுகிறது. அங்கே பெயரைச் சரியாகச் சொன்னால் துப்புரவாளர் பிழைக்கிறார். சாமந்தி பரவாமல் நிற்கிறது. நஞ்சு ஆவியாக எழாமல் அடங்கிக் கிடக்கிறது. வகைப்பாட்டியல் வறண்ட பாடம் என்று இனி யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

இதனினும் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. மனிதரையும் புழுவையும் ஒப்பிடுவது என் எண்ணமன்று. ஆனால், பார்க்கும் கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. 2018ஆம் ஆண்டு, பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, கோவிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. புதுமுகம் என்பதே அங்கே குற்றமாயிற்று. கண்டதையும் கேட்டதையும் கொண்டே தீர்ப்பு எழுதும் பழக்கம், எங்கே தொடங்கினாலும் அங்கே போய்த்தான் முடியும். முதலில் 'நீ யார்?' என்று கேட்கும் பழக்கத்தைக் கல்லூரி தரவில்லை என்றால் வேறு எது தரப்போகிறது?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பவளத் தொட்டி நம் துறைக்கு எட்டாக் கனி. அது வேண்டவும் வேண்டாம். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று போதும். ஊர்க் குளத்து நீரும் மண்ணும், ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா செடிகள் இரண்டு கைப்பிடியும் போதும். செடிகளோடு என்னென்ன வித்தவுட் பயணிகள் வருகின்றன என்று பாருங்கள். நத்தை வரும், ஹைட்ரா வரும், பிளனேரியா வரும், மீன் குஞ்சைக் கவ்வும் தட்டாரப்பூச்சியின் இளவுயிரி வரும். தொட்டியின் அருகே ஒரு வருகைப் பதிவேடு தொங்கட்டும். வந்தவர் பெயர், வந்த நாள், தொகுதி, உணவு, நல்லவரா அல்லரா என்பதற்குக் கண்ட சான்று ஆகியவற்றை மாணவர்கள் முறை வைத்து எழுதட்டும். சான்று இல்லாமல் எந்தப் பெயருக்கு எதிரிலும் 'தீயவர்' என்று எழுதக் கூடாது என்பது ஒன்றே விதியாக இருக்கட்டும்.

குளத்துச் செடிகளைக் கொண்டுவரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். பதிவேட்டை யார் தைத்துத் தருகிறீர்கள்?